குடத்திலிட்ட விளக்கு

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். வயது இருபத்திரண்டு என்று தாமே சொல்லிக்கொண்டார். நான்கு வருஷமாகக் கதைகள் எழுதுகிறாராம். எந்தப் பத்திரிகையும் இதுவரை ஒன்றைக்கூடப் போடவில்லையாம். கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "யாருமே படிக்காத கதையை எழுதியவன், ஏதாவது செய்தவன் ஆவானா?"

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. 'முயற்சியைக் கைவிடாதீர்கள், திறமை என்றைக்காவது வெளிப்பட்டே தீரும்' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். இந்தத் தடவையும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். 'வெளிப்பட்டே தீரும்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அது உண்மைதானா என்ற சந்தேகம் வந்தது. அதைவிட, அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. கடிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தேன். பல நாள் அது அங்கேயே கிடந்தது.

நம்மவர்கள் விளக்குகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று குன்றின் மேலிட்ட விளக்கு; இன்னொன்று குடத்திலிட்ட விளக்கு. ஊரெல்லாம் தெரிவது முன்னது. இருந்தும் தெரியாதது பின்னது. பெரும்பாலும் பின்னதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஓர் இரக்கம் கலந்துவிடும். 'பாவம், குடத்திலிட்ட விளக்காக இருந்துவிட்டான்' என்போம். அந்த இரக்கத்துக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: குடத்து விளக்கினால் யாருக்கும் வெளிச்சமில்லை என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதுதான் அந்த இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வி.

இந்த யோசனையில் இருந்த சமயத்தில், தற்செயலாக நான் படித்துக்கொண்டிருந்தது வானத்தைப் பற்றிய ஒரு விஷயம். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகமும் ரசாயனமும் என்னைப் படுத்தியபாடு போதும் என்று படிப்பையே அத்தோடு நிறுத்திக்கொண்டவன். ஆனால் நட்சத்திரங்களைப் பற்றி யார் எழுதினாலும் விடாமல் படிக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. புரிந்தவரையில் சொல்கிறேன்.

பிரபஞ்சம் பிறந்து சுமார் 1,380 கோடி வருஷம் ஆகிறது என்கிறார்கள். பிறந்த புதிதில் எங்கும் ஒரே அனல். ஏறக்குறைய 3,80,000 வருஷம் கழிந்து, சற்றே ஆறின பிறகு, புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்கள் ஆயின. அதன் பிறகு இருட்டு. நட்சத்திரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத நீண்ட இருட்டு. பல கோடி வருஷங்களுக்குப் பின் முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கின. அப்போதும் வெளியெங்கும் பரவியிருந்த அந்த ஹைட்ரஜன் வாயு, மார்கழி மாதத்துப் பனிமூட்டம் போல நின்று, அவற்றின் புற ஊதாக் கதிர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. மூட்டம் விலக வேண்டுமானால், அந்தக் கதிர்களே போய் ஒவ்வோர் அணுவையும் தாக்கி, எலெக்ட்ரான் வேறு, புரோட்டான் வேறு என்று மறுபடி பிரித்தாக வேண்டும். ஓர் அணு இரண்டு அணு அல்ல. பிரபஞ்சம் முழுவதும் உள்ள ஹைட்ரஜன். பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 100 கோடி வயதாகும்போது இந்த வேலை முடிந்துவிட்டது. மூட்டம் விலகிவிட்டது.

சரி, இதைச் செய்தது யார்? இந்த விளக்கை ஏற்றியவர் யார்?

பெரிய நட்சத்திர மண்டலங்கள் என்றார்கள் சிலர். பெரும் கருந்துளைகளைச் சுற்றி எரியும் வாயு என்றார்கள் வேறு சிலர். இல்லை, எண்ணிக்கையில் மிகுந்த சின்னஞ்சிறு மண்டலங்கள்தாம் செய்திருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் சின்னஞ்சிறு மண்டலங்களை யார் பார்த்தது? அவை இருந்த காலத்திலேயே மங்கலானவை. அவற்றின் வெளிச்சம் 1,200 கோடி வருஷங்களுக்கு மேல் பயணம் செய்து நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிடுகிறது. பார்க்க முடியாத ஒன்றுக்காக எத்தனை நாள் வாதாடுவது?

இந்த இடத்தில்தான் ஒரு விந்தை வந்து கைகொடுக்கிறது. கனமான பொருளின் பக்கமாகப் போகும் ஒளி வளையும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 1919-ல் சூரிய கிரகணத்தின்போது படம் எடுத்து, அது மெய்தான் என்று கண்டார்கள். அப்படியானால், நம் கண்ணுக்கும் ஒரு தூரத்து மண்டலத்துக்கும் நடுவே மாபெரும் கனம் ஒன்று நின்றால், அது ஒரு பூதக்கண்ணாடியின் வேலையைச் செய்யும். பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துக் குவித்து, பல மடங்கு பெருக்கிக் காட்டும்.

வானத்தில் ஏபெல் 2744 என்று எண்ணிட்ட ஒரு மண்டலக் கூட்டம் இருக்கிறது. அதன் ஒளி நம்மை வந்து சேரவே சுமார் 350 கோடி வருஷம் ஆகிறது. பல கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்த பெரும் திரள் அது. அதன் கனத்தில் பெரும் பங்கு கண்ணுக்கே தெரியாத பொருள் என்கிறார்கள். 2021-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி வானில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அந்தத் திரளின் பக்கம் திருப்பினார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆறரை மீட்டர் அகலக் கண்ணாடியோடு நிற்கிற தொலைநோக்கி அது. அந்தக் கண்ணாடியும் போதாமல், இயற்கை வைத்த இந்தப் பூதக்கண்ணாடியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

புள்ளிகள் தெரிந்தன. ஆனால் புள்ளி தெரிந்தால் போதுமா? பக்கத்தில் இருக்கிற மங்கலான மண்டலம் ஒன்று, தூரத்தில் இருக்கிற மண்டலம் போல வேஷம் போடக்கூடும். வெளிச்சம் எவ்வளவு என்பது வேறு; வெளிச்சம் யாருடையது என்பது வேறு. யாருடையது என்று சொல்வது நிறமாலை. ஒளியைப் பிரித்து வானவில்லாக விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளை அதில் இட்டிருக்கும். ஹைட்ரஜன் ஒரு விதமாக, ஆக்ஸிஜன் ஒரு விதமாக. பிரபஞ்சம் விரிய விரிய, வழியில் அந்த ஒளியும் நீண்டு, கோடுகள் சிவப்பின் பக்கம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுதான் அந்த ஒளியின் வயது. வெப் தொலைநோக்கியில் இதற்காக ஒரு கருவி இருக்கிறது. அதில் தலைமயிர் அகலத்துக்குச் சிறு சிறு கதவுகள் சுமார் இரண்டரை லட்சம் இருக்கின்றன. வேண்டிய மண்டலத்துக்கு நேரே உள்ள கதவை மட்டும் திறந்து, மற்றதையெல்லாம் மூடி, மணிக்கணக்கில் காத்திருந்து அந்த ஒளியை வாங்குகிறார்கள். திருமணக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலை மட்டும் கேட்பதற்காக எல்லோருடைய வாயையும் பொத்துவது போன்ற காரியம் இது.

2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பாரிஸ் நகரத்து வானியல் கழகத்தைச் சேர்ந்த ஹக்கீம் அதேக் என்பவரும் அவருடைய சகாக்களும் தங்கள் கணக்கை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்தப் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் எட்டே எட்டுச் சின்னஞ்சிறு மண்டலங்களின் நிறமாலையை அவர்கள் எடுத்திருந்தார்கள். பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயதுகூட நிறையாத காலத்து மண்டலங்கள். அந்தச் சிறியவை, வழக்கமாக நினைத்திருந்ததைப்போல் நாலு மடங்கு அதிகமாக, அணுவைப் பிரிக்கும் கதிர்களை வீசிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. எண்ணிக்கையிலும் பெரியவற்றை அவை வெகுவாக மிஞ்சியவை. ஆகவே மூட்டத்தை விலக்கிய வெளிச்சத்தில் பெரும் பங்கு இவற்றுடையதுதான் என்று முடிவு கட்டினார்கள்.

இந்த முடிவை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எட்டை வைத்து எண்ணற்றவற்றுக்குக் கணக்குப் போடலாமா என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கதிர்களில் எத்தனை பங்கு மண்டலத்தை விட்டு வெளியே தப்பிப் போயிற்று என்பதை நேராக அளக்க வழியில்லை. விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கட்டும். நான் அந்த விவாதத்தில் புகுந்து தீர்ப்புச் சொல்லத் தகுந்தவன் அல்லன். ஆனால் அதைப் படித்தபோது ஒரு விஷயம் என் மனத்தை விட்டு நகர மறுத்துவிட்டது.

அணுவைப் பிரித்த அந்தப் புற ஊதாக் கதிர் இருக்கிறதே, அது நம்மிடம் வந்து சேரவேயில்லை. சேராது. அணுவைத் தாக்கிய அந்தக் கணத்திலேயே அது செலவாகிவிட்டது. பிரிந்த புரோட்டானும் எலெக்ட்ரானும் மறுபடி சேரும்போது வெளிப்படுகிற வேறு ஒரு ஒளியின் கோட்டைப் பார்த்து, 'இவ்வளவு கோடு விழுந்திருந்தால் அவ்வளவு கதிர் வேலை செய்திருக்க வேண்டும்' என்று கணக்கிடுகிறார்கள். தொலைநோக்கியில் விழுவது வேலை செய்த வெளிச்சம் அல்ல. வேலை நடந்தது என்பதற்கு மிஞ்சிய சாட்சி.

இதைப் படித்ததும், 'ஆகா, வாசகருக்குப் பதில் கிடைத்துவிட்டது!' என்று எனக்குக் குதூகலம் பிறந்தது. 'தம்பி, பிரபஞ்சத்தின் இருளை நீக்கியவை குன்றின் மேலிட்ட விளக்குகள் அல்ல, குடத்திலிட்ட விளக்குகள். கண்ணுக்குத் தெரிவது வேறு. காரியம் செய்வது வேறு. ஆகவே எழுதிக்கொண்டே இருங்கள்' என்று அழகாக எழுதிவிடலாம். கூட்டத்தில் சொன்னால் கைதட்டுவார்கள்.

அப்படியே எழுதியும்விட்டேன். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பூதக்கண்ணாடி விஷயத்திலேயே வருகிற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1936-ல் மாண்டல் என்ற செக் நாட்டு எஞ்சினீயர் ஒருவர் பிரின்ஸ்டனுக்குப் போய் ஐன்ஸ்டீனைப் பார்த்தார். பெயர் பெற்ற விஞ்ஞானி அல்லர். தாமாகப் படித்துத் தாமாக யோசித்தவர். 'ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் இன்னொரு நட்சத்திரம் வந்தால் அது லென்ஸ் போல வேலை செய்யுமே, இதைக் கணக்கிட்டு எழுத வேண்டும்' என்று அவரை விடாமல் கேட்டுக்கொண்டார். ஐன்ஸ்டீன் இசைந்தார். கணக்குப் போட்டு, 'சயன்ஸ்' பத்திரிகையில் சிறு குறிப்பாக வெளியிட்டார். மாண்டல் கேட்டுக்கொண்டதனால் எழுதுவதாக ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் இதை நேரில் காணும் வாய்ப்பு இல்லை என்றும் அதிலேயே எழுதினார். பத்திரிகாசிரியருக்கு எழுதிய கடிதத்திலோ, இது அதிகப் பெறுமானம் இல்லாத விஷயம், ஆனாலும் அந்த மனிதருக்குச் சந்தோஷம் என்கிற பாவனையில் குறிப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே கணக்கை அவர் 1912-லேயே தம் குறிப்புப் புத்தகத்தில் போட்டு வைத்திருந்தார். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். மாண்டல் வந்து கதவைத் தட்டியிராவிட்டால் அந்தக் குறிப்பு அச்சேறியிருக்குமா என்பது சந்தேகம்.

மறு வருஷமே, 1937-ல், ஸ்விக்கி என்ற வானியல் அறிஞர் 'நட்சத்திரம் கிடக்கட்டும். மண்டலங்களே லென்ஸாக வேலை செய்யுமே, அதைக் கட்டாயம் காணலாம்' என்றார். 1979-ல் கண்டார்கள். ஒரே குவாசார், நடுவில் நின்ற மண்டலத்தினால் இரண்டாகத் தெரிந்தது. ஐன்ஸ்டீன் நம்பாமல் விட்ட நட்சத்திர லென்ஸையும் 1993-ல் கண்டுவிட்டார்கள்.

ஐன்ஸ்டீனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அந்த மனிதரின் பெயரைத் தம் குறிப்பிலேயே போட்டார். அதுதான் எனக்கு உறைத்தது. விஷயம் பெரிதல்ல என்று மனசுக்குள் நினைத்தவர்கூட, 'இது இன்னார் கேட்டு எழுதியது' என்று எழுதிவைத்தார். இன்றைக்கு மாண்டல் என்ற பெயரை நாம் சொல்ல முடிகிறதென்றால் அந்த ஒரு வாக்கியத்தின் தயவுதான்.

நான் அந்த ஒரு வாக்கியத்தை எழுதவில்லை.

என்னைவிட நாலு வயது மூத்தவர் ஒருவர் எங்கள் ஊர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரை 'அண்ணே' என்பேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தோம். மாலை வேளையில் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். ஒரு நாள் அவர் ஒரு கதை படித்தார். ஆலைக் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டியெடுத்துப் பிழைக்கிற ஒரு கிழவியைப் பற்றிய கதை. அந்தக் கிழவி தினமும் கூட்டி முடித்து முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, குருவிகளுக்கென்று ஒரு பிடி நெல்லைக் களத்திலேயே இறைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான் கதை. அவர் படித்து முடித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. இப்படி ஒன்றை என்னால் எழுத முடியாது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறந்து நான் சொன்னது: "பரவாயில்லை அண்ணே. இன்னும் கொஞ்சம் செதுக்கணும்."

அவர் அதைச் செதுக்கி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் என் கதை ஒன்று வெளிவந்தது. கடலை உடைக்கப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. கூலிக்குக் கிடைத்த கடலையில் ஒரு பிடியை அணில்களுக்கென்று வேலியோரம் போட்டுவிட்டுப் போவாள். பெரிய விமர்சகர் ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசும்போது அந்தக் கதையைக் குறிப்பிட்டு, 'அந்த ஒரு பிடியில் இருக்கிறது இலக்கியம்' என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் எழுதியதையெல்லாம் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போட்டன. ஏபெல் 2744 மாதிரி ஒரு கனமான மனிதர் எனக்கு முன்னால் வந்து நின்றார்; என் ஒளி பெருகிவிட்டது. அந்தப் பிடி யாருடைய கையிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திருட்டு என்ற வார்த்தையை இதற்கு உபயோகிக்க எனக்கு இருபது வருஷம் பிடித்திருக்கிறது.

அண்ணன் சில வருஷத்தில் எழுதுவதை விட்டுவிட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் நல்லபடியாகவே பேசினார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சென்ற வருஷம் ஊரில் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்த பிறகு இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். மாலையும் சால்வையும் கையில் கனத்தன. என்ன தோன்றியதோ, "அண்ணே, அந்தக் கிழவி கதை அச்சாகியிருக்கணும். என் கதையைவிட அதுதான் நல்ல கதை" என்றேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு கேட்டார்:

"அது நல்லாயிருந்துச்சுன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அந்தப் பிடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கதை வந்த பத்திரிகையைப் பற்றியோ என் மாலையைப் பற்றியோ கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரு வார்த்தை. பஸ் வந்தது; ஏறிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள்: வாசகருக்கு நான் எழுதிவைத்த அழகான பதிலை எப்படித் தபாலில் சேர்ப்பது? 'குடத்திலிட்ட விளக்குதான் உலகத்தை வெளிச்சமாக்கியது' என்று சொல்வது நல்ல தத்துவம்தான். ஆனால் அதைச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, குடத்தைக் கவிழ்த்தவனே அதைச் சொன்னால் அது தத்துவம் அல்ல, சமாதானம். 'உன் கதை அச்சாகாவிட்டால் என்ன, என்னிடத்தில் வந்து வேலை செய்துவிட்டதே. கதிர் செலவானால் என்ன, மூட்டம் விலகிவிட்டதே' என்று நான் அண்ணனிடம் சொல்லலாமா? அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை செலவானவருக்கு உண்டே தவிர, அதனால் லாபம் அடைந்தவனுக்கு இல்லை.

நட்சத்திரங்களிடமிருந்து தர்மம் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணமே எனக்கு இப்போது குறைந்துவிட்டது. ஏபெல் 2744 தன் பின்னால் இருக்கிற சிறியவற்றைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. அதற்கு அவை இருப்பதே தெரியாது. நேர்கோட்டில் அகப்பட்டவை பிழைத்தன; அகப்படாத கோடானுகோடி மண்டலங்கள் இருட்டிலேயே நின்றன. அதில் கருணையும் இல்லை, குற்றமும் இல்லை. மனிதன் விஷயம் அப்படியல்ல. எனக்குப் பின்னால் ஒரு சின்ன வெளிச்சம் இருப்பது எனக்குத் தெரியும். அதை வளைத்துக் காட்டுவதும் மறைத்து நிற்பதும் என் கையில் இருக்கிறது. தெரிந்தே மறைத்தால் அதற்குப் பெயர் விதியல்ல.

ஆனால் தர்மத்தை நட்சத்திரங்களிடம் கற்க முடியாவிட்டாலும், அவற்றைப் பார்க்கிறவர்களிடம் கற்க முடியும் என்று தோன்றுகிறது. அவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லென்ஸின் வழியே ஒரு மண்டலம் பத்து மடங்கு பிரகாசமாகத் தெரிந்தால், அந்தப் பிரகாசத்தை அவர்கள் அப்படியே நம்பிவிடுவதில்லை. நடுவில் நிற்கிற திரளின் கனம் எங்கெங்கே எவ்வளவு என்று முதலில் வரைபடம் போடுகிறார்கள். லென்ஸ் எவ்வளவு பெருக்கியது, எப்படி இழுத்துக் கோணலாக்கியது என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அந்தப் பெருக்கத்தால் வகுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவதுதான் அந்த மண்டலத்தின் சொந்த வெளிச்சம். லென்ஸுக்கு நன்றி; ஆனால் லென்ஸ் கொடுத்ததை மண்டலத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த வகுத்தல் கணக்கைப் புகழ் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் போட்டுப் பார்த்தேன். அந்த விமர்சகரின் ஒரு வார்த்தையால் வகுத்தேன். அந்தச் சமயத்தில் கிராமத்துக் கதைகளைத் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் தேவையால் வகுத்தேன். கடைசியாக அந்த ஒரு பிடியால் வகுத்தேன். மிஞ்சியது பூஜ்யம் அல்ல. அப்படிச் சொன்னால் அது போலி அடக்கம். மிஞ்சியது மங்கலான ஒரு சிறு புள்ளி. படித்துறையில் அன்று உட்கார்ந்திருந்த இரண்டு புள்ளிகளில் ஒன்று. மற்றதைவிட அது பெரிது என்று எந்த நிறமாலையும் சொல்லாது.

அதே போல், கவனிக்கப்படாமல் போனவர்களின் விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. எட்டுச் சிறு மண்டலங்கள் தெரிந்ததும் விஞ்ஞானிகள் 'உலகத்தில் சிறு மண்டலம் எட்டுத்தான்' என்று சொல்லவில்லை. 'இந்தச் சின்ன ஜன்னல் வழியாக எட்டு என்றால், இருட்டு முழுவதும் எத்தனை!' என்று கேட்டார்கள். தற்செயலாக ஒரு நல்லவரைக் கண்டுபிடித்தால் நாம் மாலை போட்டு, 'இவர் ஓர் அபூர்வப் பிறவி' என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடிப்பது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். 'இவரைப் போல் இன்னும் எத்தனை பேர் நம் கண்ணில் படாமல் இருக்கிறார்கள்?' என்று கேட்பதுதான் நியாயம்.

வாசகருக்குக் கடைசியில் வேறு பதில் எழுதினேன். திறமை வெளிப்பட்டே தீரும் என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது, தீராமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். குடத்து விளக்கின் பெருமையையும் எழுதவில்லை. 'உங்கள் கதைகளில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். படிக்கிறேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன். இல்லையென்றால் அதையும் சொல்கிறேன். அதற்கு மேல் எதையும் வாக்களிக்க என்னால் முடியாது' என்று எழுதினேன். கதை வந்திருக்கிறது. இன்று இரவு படிக்கப் போகிறேன்.

அண்ணனுக்கும் ஒரு கடிதம் போட்டேன். அந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். கடலைக் கதையின் அடுத்த பதிப்பில், அந்த ஒரு பிடி யாருடைய கதையிலிருந்து வந்தது என்று அவர் பெயரோடு போட விரும்புகிறேன் என்றும் எழுதினேன். இருபது வருஷம் தாமதமாக எழுதுகிறேன் என்பதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆலைக் கணக்குத் தாளின் பின்புறத்தில், பழைய அதே கையெழுத்து. நோட்டுப் புத்தகம் வீடு மாற்றியபோது பழைய பேப்பர்காரனுக்குப் போய்விட்டதாம். பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார். 'இனிமே எனக்குப் பேரு எதுக்கு தம்பி? போடணும்னு நினைச்சா, அந்தக் கதை நல்லாயிருந்துச்சுன்னு மட்டும் போடு.'

போடுகிறேன். அந்தக் கதை நன்றாக இருந்தது.